வெளிநாட்டில் இறங்கியதும் நெட் இல்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யலாம்

கல்முனையிலிருந்து கட்டுநாயக்காவுக்கு ஏழெட்டு மணித்தியால ஓட்டம். இரவு வேனில் ஏறியவர் மறுநாள் வேறு நாட்டில் இருப்பார். அதற்கடுத்த நாள் காலையில் அவருடைய மகளோ தம்பியோ எங்கள் கொமியூனிகேஷன் கடைக்கு வந்து நிற்பார்கள். "அண்ணன், வாப்பா ஜித்தாவில இறங்கிட்டாராம். பக்கத்தில நின்றவர்ர போனில இருந்து ஒரு மெசேஜ் வந்தது. வாப்பாட போனில நெட் இல்லையாம்." இந்தக் கதையை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. ஊர்தான் மாறும்: ஜித்தா, தோஹா, சென்னை, கோலாலம்பூர். பழுது பெரும்பாலும் அதே பழுதுதான்.

அதனால் அறிகுறி வாரியாக எழுதி வைக்கிறேன். உங்கள் போனில் தெரிகிற அறிகுறிக்குப் போய், மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் பாருங்கள். மேலே இருப்பது காசு செலவில்லாமல் ஒரு நிமிடத்தில் செய்வது. கீழே போகப் போகக் காசும் அலைச்சலும் கூடும். எந்த இடத்தில் கையை எடுத்துவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும் என்பதையும் சொல்லியிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டில் நெட் மூன்று வழியில் வரும். இங்கிருந்து கொண்டுபோகும் சிம்மிலேயே, அதை அந்த நாட்டு நெட்வொர்க்கில் ஓட வைக்கும் ரோமிங் பெக்கேஜ் போடுவது ஒன்று. அந்த நாட்டில் சிம் வாங்குவது இன்னொன்று. ஒன்லைனில் ஈசிம், அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம், வாங்கிப் போனில் ஏற்றுவது மூன்றாவது. நீங்கள் எந்த வழி என்பது தெரிந்தால்தான் கீழே உள்ள கிளைகளில் சரியான பக்கம் திரும்பலாம்.

சிக்னலே இல்லை, "சேவை இல்லை" என்று காட்டுகிறது

பிளைட் மோட் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அணைந்திருந்தாலும் ஒரு தடவை போட்டு, அரை நிமிடம் விட்டு, மறுபடி அணையுங்கள். புதிய நாட்டில் முதல் தடவை நெட்வொர்க்கைப் பிடிக்கப் போனுக்குச் சில நிமிடம் தேவை. குடிவரவு வரிசையில் நிற்கும்போதே பதறிப்போய் சிம்மைக் கழற்றாதீர்கள். அந்த அவசரத்தில் சிம் தட்டைத் திறக்கும் ஊசியை மைக் துவாரத்துக்குள் குத்தியவர்களின் போன்கள் என்னிடம் வந்திருக்கின்றன. அது தனிச் செலவு.

போனை ஓஃப் செய்து ஓன் செய்தும் வரவில்லை என்றால், செட்டிங்ஸில் நெட்வொர்க் தெரிவு என்ற இடத்துக்குப் போய், தானாகத் தெரிவு செய்வதை நிறுத்திவிட்டு, பட்டியலைத் தேட விடுங்கள். அந்நாட்டு நெட்வொர்க்குகளின் பெயர்கள் வரும். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். எல்லாமே மறுத்தால் பழுது போனில் இல்லை, லைனில். இனி நீங்கள் எந்த சிம்மைப் போட்டிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

*இலங்கை சிம் என்றால்*

அந்த லைனில் ரோமிங் திறக்கப்படவில்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம். ரீலோட் காசு இருந்தாலும் ரோமிங் திறக்காத லைன் வெளிநாட்டில் எழும்பாது. விமான நிலைய வைஃபையில் இணைந்து, உங்கள் கம்பனியின் செயலிக்குள் போய்த் திறக்கலாம். இங்கேதான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். செயலிக்குள் நுழைய, எஸ்எம்எஸ்ஸில் வரும் ஒருதடவை இலக்கமான ஓடிபியைக் கேட்கும். அந்த ஓடிபி சிக்னல் இல்லாத அதே சிம்முக்குத்தான் வரும். ஆகவே செயலியை ஊரிலேயே இறக்கி, உள்ளே நுழைந்து, ஒரு தடவை பார்த்துவிட்டே வேனில் ஏறுங்கள்.

செயலியும் இல்லையென்றால் வீட்டிலிருந்து ஒருவர் கம்பனியின் சேவை நிலையத்துக்குப் போக வேண்டும். அங்கே முதல் கேள்வி, சிம் யாருடைய பெயரில் என்பது. எங்கள் பக்கத்தில் தகப்பன் பாவிக்கும் சிம் மருமகன் பெயரில் இருக்கும். பத்து வருடத்துக்கு முன் வாங்கிய சிம் யார் பெயரில் என்றே தெரியாமலும் இருக்கும். பெயருக்குரியவர் அடையாள அட்டையோடு போகாமல் ஒன்றும் நடக்காது. அவர்களும் அப்படித்தான் செய்ய வேண்டும், அது உங்கள் பாதுகாப்புக்கானது. பயணம் முடிவாகிற கிழமையிலேயே பெயரைச் சரிபார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். இந்தப் பழுதை வெளிநாட்டிலிருந்து சரிசெய்ய வழியே கிடையாது.

*அந்த நாட்டில் வாங்கிய சிம் என்றால்*

இலங்கை சிம் வேலை செய்கிறது, அங்குள்ள சிம்மைப் போட்டால் "செல்லாத சிம்" என்கிறது. அப்படியென்றால் போன் ஒரு கம்பனிக்குப் பூட்டப்பட்டது. ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று போனால் கரியர் லொக் என்ற வரி இருக்கும். அதில் சிம் கட்டுப்பாடு இல்லை என்று இருந்தால் நல்லது. ஜப்பானிலிருந்து வந்த பழைய ஐபோன் வாங்கியவர்கள் சிம் தட்டையும் ஒரு தடவை கழற்றிப் பாருங்கள். சிம்மோடு ஒட்டிக்கொண்டு தாள் மாதிரி மெல்லிய இன்னொரு சிப் இருந்தால் அது ஆர்சிம். அந்தப் போனின் பூட்டு திறக்கப்படவில்லை, ஏமாற்றி ஓட வைத்திருக்கிறார்கள். இலங்கையில் ஓடுகிறது என்பதற்காக வேறு நாட்டு சிம்மில் ஓடும் என்று நம்ப முடியாது. இந்தப் போனை நம்பிப் பயணம் போகாதீர்கள். வீட்டில் உள்ள சாதாரண அண்ட்ரொய்ட் போன் ஒன்றைக் கூடக் கொண்டுபோங்கள்.

இந்தியாவில் ஜியோ சிம் போட்டு சிக்னல் வராவிட்டால் போனின் வயதைப் பாருங்கள். ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது. 4ஜி இல்லாத பட்டன் போனில் அந்த சிம் உயிர்க்காது. அம்மாமார் கையில் இருக்கும் பழைய போனுக்கு ஏர்டெல் வாங்குங்கள்.

சிம் பின் கேட்டால் ஊகித்துத் தட்ட வேண்டாம். மூன்று தடவை பிழைத்தால் பூட்டைத் திறக்கும் பக் (PUK) இலக்கம் கேட்கும், அதைப் பத்துத் தடவை பிழையாகத் தட்டினால் சிம் செத்துவிடும். இரண்டாவது தடவையே நிறுத்திவிட்டு, வாங்கிய இடத்துக்குப் போங்கள்.

சிக்னல் கோடு நிறைய இருக்கிறது, நெட் மட்டும் இல்லை

கடைக்கு வருகிற பழுதுகளில் இதுதான் அதிகம். அதிலும் பாதிக்கு மேல் ஒரே ஒரு சுவிட்சில் முடியும்.

டேட்டா ரோமிங். "ரோமிங்கைப் போடாதே, காசு போய்விடும்" என்று வீட்டில் எல்லோரும் சொல்லி அனுப்பியிருப்பார்கள். அந்த அறிவுரை அரைவாசிதான் சரி. ரோமிங் பெக்கேஜ் போட்ட இலங்கை சிம் என்றால் அந்த சிம்முக்கு டேட்டா ரோமிங் ஓனில் இருக்க வேண்டும். பயண ஈசிம் என்றாலும் அந்த ஈசிம்முக்கு ஓனில் இருக்க வேண்டும், ஏனென்றால் பல ஈசிம்கள் வேறொரு நாட்டில் பதிவானவை, நீங்கள் நிற்கும் நாட்டில் அவையே ரோமிங்கில்தான் ஓடுகின்றன. ஓஃபில் இருக்க வேண்டியது பெக்கேஜ் இல்லாத இலங்கை சிம்முக்கு மட்டும். சுவிட்ச் ஒவ்வொரு சிம்முக்கும் தனித்தனி. எந்த சிம்மின் கீழே நிற்கிறீர்கள் என்று பெயரைப் படித்துவிட்டுத் தொடுங்கள்.

அடுத்தது, எந்த சிம்மில் நெட் என்பது. இரண்டு சிம் போட்ட போனில் மொபைல் டேட்டாவுக்கு ஒரு சிம்மைத்தான் தெரிவு செய்ய முடியும். புதிய சிம்மைப் போட்டாலும் போன் பழையதையே பிடித்துக்கொண்டு நிற்கும். மாற்றிவிடுங்கள். ஐபோனில் டேட்டாவுக்கு சிம்மைத் தானாக மாற்ற அனுமதிக்கும் ஒரு தெரிவும் இருக்கிறது. அதை அணையுங்கள், இல்லாவிட்டால் புதிய சிம் சிக்னல் குறைந்த இடத்தில் சத்தமில்லாமல் இலங்கை சிம்முக்குத் தாவும்.

இரண்டும் சரி, இன்னும் நெட் இல்லையா? ரோமிங் பெக்கேஜ் போட்டவர்கள் திரையின் மேல் மூலையில் எந்த நெட்வொர்க்கின் பெயர் தெரிகிறது என்று பாருங்கள். ஒரு நாட்டில் மூன்று கம்பனி இருந்தால் உங்கள் பெக்கேஜ் அதில் ஒன்றிலோ இரண்டிலோதான் செல்லும். வாங்கும்போது வருகிற எஸ்எம்எஸ்ஸில் அந்தப் பெயர் இருக்கும். அந்த எஸ்எம்எஸ்ஸை அழிக்காமல் ஒரு ஸ்கிறீன்ஷொட் எடுத்து வைத்திருங்கள். போன் வேறு கம்பனியைப் பிடித்திருந்தால் மேலே சொன்ன மாதிரிக் கையால் தெரிவு செய்யுங்கள்.

அப்புறம் ஏபிஎன், அதாவது போன் எந்த வாசலால் நெட்டுக்குப் போவது என்று சொல்லும் பெயர். அந்நாட்டு சிம்மைப் போட்டதும் இது பெரும்பாலும் தானாக ஏறும், சில போன்களில் ஏறாது. செட்டிங்ஸில் அக்சஸ் பொயின்ட் என்ற இடத்தில் புதிதாக ஒன்றை உண்டாக்கி, பெயரும் ஏபிஎன்னும் மட்டும் நிரப்பினால் போதும். ஜியோவுக்கு ஜியோநெட் (jionet). இந்திய ஏர்டெலுக்கு ஏர்டெல்ஜிபிஆர்எஸ், புள்ளி, கொம் (airtelgprs.com). எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி விடாமல். போன் கீபோர்ட் முதல் எழுத்தைத் தானாகப் பெரிதாக்கும், கடைசியில் ஒரு இடைவெளியையும் சேர்த்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளியால் மூன்று நாள் நெட் இல்லாமல் இருந்த ஒருவருக்கு வீடியோ அழைப்பில் திரையைக் காட்டச் சொல்லி நான் கண்டுபிடித்தேன். சேமித்த பிறகு அந்த வரியின் பக்கத்தில் உள்ள வட்டத்தைத் தொட மறக்காதீர்கள். தொடாவிட்டால் பழையதுதான் ஓடும்.

சிம்மே இன்னும் முழுதாகத் திறக்கப்படவில்லை என்பதும் உண்டு. இந்தியாவில் பாஸ்போர்ட்டும் விசாவும் கொடுத்து வாங்கிய சிம் திறக்கச் சில மணித்தியாலம் ஆகலாம், அதற்குள் கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். சவூதியில் கைரேகை வைத்துப் பதிந்தால்தான் சிம் எழும்பும். உம்றாவுக்குப் போகிறவர்கள் "குழுத்தலைவரிடம் கொடுத்தால் வாங்கித் தருவார்" என்று விட்டுவிடாமல் தங்கள் கையாலேயே ரேகை வைத்து வாங்க வேண்டும். இன்னொருவர் பெயரில் உள்ள சிம்மை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.

கடைசியாக நெட்வொர்க் செட்டிங்ஸை ரீசெட் செய்யலாம். சேமித்த வைஃபை கடவுச்சொற்கள் எல்லாம் போய்விடும், ஆனால் படங்களும் மெசேஜ்களும் போகாது. சில அண்ட்ரொய்ட் போன்களில் அதே திரையில் ஈசிம்மையும் அழிக்கவா என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் சரி அடையாளம் இருந்தால் எடுத்துவிட்டுத் தொடருங்கள். இதற்கும் வரவில்லை என்றால் போதும். அந்த சிம்மை இன்னொருவர் போனில் போட்டுப் பாருங்கள். அங்கே நெட் வந்தால் போன் கடைக்கு, வராவிட்டால் சிம் கம்பனிக்கு.

மெசேஜ் போகிறது, வட்ஸ்அப் அழைப்பு மட்டும் எடுபடவில்லை

எங்கே நிற்கிறீர்கள்? அமீரகம், கத்தார் என்றால் போனை நோண்ட வேண்டாம். அங்கே வட்ஸ்அப் மூலம் குரல், வீடியோ அழைப்புகளை அந்த நாட்டிலேயே தடுத்திருக்கிறார்கள். மெசேஜ், படம், குரல் பதிவு எல்லாம் போகும். அழைப்பு மட்டும் "இணைகிறது" என்று சுற்றிக்கொண்டே நிற்கும்.

இதைத் தெரியாமல் "கூடுதல் ஜிபி" உள்ள பெக்கேஜை எடுத்துவிட்டு, வீட்டோடு கதைக்க முடியாமல் தவிக்கிறார்கள். மனைவியும் பிள்ளையும் இங்கே இரவு ஒன்பது மணிக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். அந்த நாடுகளுக்குப் போகிறவர்கள் பெக்கேஜைத் தெரிவு செய்யும்போது ஜிபியைப் பார்க்குமுன் இலங்கைக்கான நிமிடங்கள் எத்தனை என்று பார்க்க வேண்டும். இரண்டு ஜிபியும் நல்ல அளவு சர்வதேச நிமிடமும் உள்ள பெக்கேஜ், இருபது ஜிபி உள்ள பெக்கேஜை விட உங்களுக்கு உதவும். அமீரகத்தில் பொட்டிம் என்ற செயலிக்கு அனுமதி உண்டு. வீட்டாரின் போனிலும் அதை ஏற்றிப் பழக்கிவிட்டுப் போங்கள்.

நிற்கிற இடத்தை மறைத்துத் தடையைத் தாண்ட வைக்கும் விபிஎன் போட்டுத் தருகிறேன் என்று அறையில் உள்ள ஒருவர் சொல்வார். வேண்டாம். அமீரகச் சட்டத்தில் குற்றம் செய்யவோ அதை மறைக்கவோ விபிஎன் பாவித்தால் 5 இலட்சம் திர்ஹம் முதல் 20 இலட்சம் திர்ஹம் வரை தண்டம் இருக்கிறது. உழைக்கப் போன இடத்தில் அந்தப் பயம் நமக்கு எதற்கு?

இந்தியாவில் நின்றுகொண்டு இதே பழுது என்றால் காரணம் வேறு. வட்ஸ்அப் அழைப்புக்கு அங்கே தடை இல்லை. பெரும்பாலும் அன்றைய டேட்டா முடிந்திருக்கும். ஜியோவில் நாளொன்றுக்கான ஜிபி தீர்ந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கும். எழுத்து மெசேஜ் மெல்ல மெல்லப் போகும், அழைப்பு தாங்காது. இரவு பன்னிரண்டு தாண்டினால் தானாகச் சரியாகும். "அன்லிமிட்டெட் அழைப்பு" என்று எழுதியிருப்பதும் இந்தியாவுக்குள்தான். 94 போட்டு வீட்டுக்கு எடுத்தால் தனிக் காசு வேண்டும்.

போட்ட டேட்டா ஒரே இரவில் முடிந்துவிட்டது

இதில் பாதி போனின் வேலை, பாதி தெரிவில் வந்த பிழை.

போனின் வேலையை முதலில் நிறுத்துவோம். வட்ஸ்அப் செட்டிங்ஸில் சேமிப்பும் டேட்டாவும் என்ற இடத்தில், படம், வீடியோ தானாக இறங்குவதை மொபைல் டேட்டாவுக்கும் ரோமிங்குக்கும் அணையுங்கள். குடும்பக் குழுமத்தில் கலியாண வீட்டு வீடியோ நாற்பது வந்து விழுந்தால் அத்தனையும் உங்கள் பெக்கேஜிலிருந்துதான் போகும். அதே இடத்தில் அழைப்புக்குக் குறைந்த டேட்டா என்ற சுவிட்சைப் போடுங்கள். படங்களைத் தானாக மேலே ஏற்றுகிற கூகுள் போட்டோஸ், ஐகிளவுட் இரண்டையும் வைஃபைக்கு மட்டும் என்று வையுங்கள். கஃபாவின் முன் எடுத்த வீடியோ ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான எம்பி இருக்கும், அது இரவில் நீங்கள் தூங்கும்போது ஏறும். செயலிகள் தானாகப் புதுப்பிப்பதையும் நிறுத்துங்கள். கூட வந்தவருக்கு ஹொட்ஸ்பொட் கொடுத்திருந்தால் காரணத்தை வேறு எங்கும் தேட வேண்டாம்.

எதில் போனது என்று தெரியாவிட்டால் செட்டிங்ஸில் டேட்டா பாவனை என்ற இடத்தில் ஒவ்வொரு செயலியும் எவ்வளவு குடித்தது என்று இருக்கும். முதலாவதாக நிற்பதைப் பிடியுங்கள்.

இனி தெரிவு. வட்ஸ்அப் குரல் அழைப்பு ஒரு மணித்தியாலத்துக்குச் சுமார் 30 எம்பி. வீடியோ அழைப்பு சுமார் 300 எம்பி, பத்து மடங்கு. 1 ஜிபியில் குரலில் கதைத்தால் முப்பது மணித்தியாலத்துக்கு மேல் கதைக்கலாம், முகம் பார்த்துக் கதைத்தால் மூன்று மணித்தியாலம்தான். ஆகவே கடையில் நான் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை ஜிபி வேணும்?" இல்லை. "பேரப்பிள்ளை இருக்கா?" என்பதுதான். பேரப்பிள்ளை இருந்தால் வீடியோ அழைப்பு உறுதி.

உம்றாவுக்குப் பதினைந்து நாள் போகிற ஒருவர் தினமும் அரை மணித்தியாலம் வீடியோவில் கதைத்தால் இரண்டே கால் ஜிபி அளவு. மெசேஜ், மெப், கொஞ்சம் படம் என்று சேர்த்தால் நான்கு ஜிபிக்குள் முடியும். அவருக்கு ஐந்து ஜிபி எடுத்துக் கொடுப்பேன். ஹோட்டலில் வைஃபை இருக்கும், அதை நம்பிக் குறைக்க மாட்டேன். மக்காவின் ஹரம் பள்ளியில் ஆளைத் தவறவிட்டால் வைஃபை உதவாது.

வைத்தியத்துக்கு இந்தியா போகிறவர்களின் கணக்கு வேறு. எத்தனை நாள் நிற்க வேண்டி வரும் என்று அவர்களுக்கே தெரியாது. ஆகவே இலங்கை ரோமிங் பெக்கேஜ் கட்டாது, அங்கே சிம் வாங்குவதே நல்லது. ஒன்றைக் கவனியுங்கள்: அங்கே மாதப் பெக் என்று கடைக்காரர் சொல்வது பெரும்பாலும் 28 நாள். இருபத்தொன்பதாம் நாள் காலையில், டொக்டரின் அறிக்கையை அனுப்ப நிற்கும் நேரத்தில், நெட் நின்றுபோகும். வாங்கிய அன்றே முடியும் திகதியைப் பாஸ்போர்ட் உறையில் ஒரு துண்டில் எழுதி வையுங்கள்.

நான்கு நாள் வேலையாக, ஒரு கூட்டத்துக்காகப் போய் வருகிறவர் சிம் வரிசையில் நின்று நேரத்தைக் கரைக்க வேண்டாம். ரோமிங் பெக்கேஜோ ஈசிம்மோ போதும். வாங்கும்போது, ஒரு நாள் என்பது 24 மணித்தியாலமா, நள்ளிரவு வரையா, கணக்கு வாங்கிய நிமிடத்திலிருந்து தொடங்குமா, அங்கே போய் முதல் தடவை நெட் போட்டதிலிருந்தா என்று கேளுங்கள். வாங்கிய நிமிடத்திலிருந்து என்றால் கல்முனையிலேயே வாங்காதீர்கள், வேனில் போகும்போதே ஒரு நாள் கழிந்துவிடும்.

ரீலோட் காசு காணாமல் போய்விட்டது, அல்லது பில் பெரிதாக வந்திருக்கிறது

பெக்கேஜ் முடிந்த பிறகும் டேட்டா ஓனில் இருந்ததா? பெக்கேஜில் காசு ஜிபி கணக்கில் போகும், பெக்கேஜ் இல்லாத ரோமிங்கில் ஒவ்வொரு எம்பிக்கும் காசு. அந்த விலையில் காசு தீர ஒரு சின்ன வீடியோ போதும். முடிந்தது என்று எஸ்எம்எஸ் வந்ததும் அணையுங்கள்.

நடுவில் வேறு நாட்டில் இறங்கினீர்களா? கத்தாருக்கு எடுத்த பெக்கேஜ் மஸ்கட்டில் விமானம் மாறும் மூன்று மணித்தியாலத்துக்குச் செல்லாது. விமானத்துக்குள் போனை பிளைட் மோடில் போடாமல் விட்டீர்களா? சில விமானங்களுக்குள் தனியாக ஒரு மொபைல் நெட்வொர்க் ஓடுகிறது, போன் அதைப் பிடித்துக்கொள்ளும். நாட்டுப் பெக்கேஜ்கள் எதிலும் பொதுவாக அது சேராது.

டேட்டா இல்லாமலே காசு போயிருந்தால் அழைப்புகளைப் பாருங்கள். ரோமிங்கில் வருகிற அழைப்பை எடுத்தாலும் காசு. எடுக்காத அழைப்பு வேறு இலக்கத்துக்குத் திருப்பப்பட்டிருந்தால் அதற்கும் போகலாம். பயணத்துக்கு முன் ##002# தட்டி அழைப்புப் பொத்தானை அழுத்தினால் திருப்பல் எல்லாம் ரத்தாகும். போஸ்ட்பெய்ட் லைனில் நீங்கள் செய்யாத செலவு என்று தோன்றினால் நாள், நேரத்தோடு விவரப் பில்லைக் கேட்டு எழுத்தில் முறையிடுங்கள், கவுண்டரில் வாயால் சொல்லிவிட்டு வருவது போதாது.

இராமேஸ்வரம் போகிறவர்களுக்கு ஒன்று. தனுஷ்கோடி முனையில் இலங்கை நெட்வொர்க் போனில் வந்துவிடும். இந்திய சிம்மில் நெட் திடீரென்று போனால் பயப்படாதீர்கள், நெட்வொர்க்கைக் கையால் தெரிவு செய்துவிடுங்கள். ஊர் திரும்பிய பிறகு டேட்டா ரோமிங்கை ஓனிலேயே விட்டுவிட்டுத் தலைமன்னார்ப் பக்கம் போனால் இதே விஷயம் மறுபக்கமாக நடக்கும், அப்போது போவது உங்கள் காசு.

ஈசிம் கியூஆரை ஸ்கேன் செய்தும் ஏறவில்லை

போன் ஈசிம் தாங்குமா என்று *#06# தட்டிப் பாருங்கள். போனின் அடையாள இலக்கமான ஐஎம்இஐயோடு ஈஐடி (EID) என்று நீளமான ஓர் இலக்கமும் வந்தால் தாங்கும். ஐபோனில் 2018இல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் முதல் உண்டு, சீனாவுக்கென்று செய்த பல மொடல்களில் இல்லை. ஏற்றும்போது வைஃபை இருக்க வேண்டும், அதனால் வீட்டிலேயே ஏற்றிவிட்டு அங்கே போய் ஓன் செய்யுங்கள். கியூஆர் அதே போனில் வந்திருந்தால் மகளின் போனுக்கு அனுப்பி அதன் திரையிலிருந்து ஸ்கேன் செய்யலாம்.

நெட் வரவில்லை என்று ஈசிம்மை அழித்துவிட்டு மறுபடி ஏற்ற முயலாதீர்கள். பல கியூஆர்கள் ஒரு தடவைக்குத்தான். அழித்தால் காசும் போனது. அழிக்கத் தோன்றும் அந்த நிமிடமே விற்றவருக்கு எழுதுங்கள்.

கத்தார், சவூதி, அமீரகம், குவைத், ஓமானிலிருந்து ஐபோன் 17 அனுப்பியிருந்தால் அதில் சிம் தட்டே இருக்காது. பழுது என்று நினைத்துப் பெட்டியோடு கொண்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். டயலொக்கும் மொபிடெலும் சாதாரண சிம்மை ஈசிம்மாக மாற்றித் தருகின்றன. அந்த வேலையைப் பயணத்துக்கு முதல் நாள் வைத்துக்கொள்ள வேண்டாம்.

வங்கி ஓடிபி வரவில்லை

இதை என் அனுபவத்தில் படித்தேன். அம்மாவை வேலூருக்கு வைத்தியத்துக்குக் கூட்டிப் போனபோது, இந்திய சிம் வாங்கியதும் என் இலங்கை சிம்மைக் கழற்றி, தொலையக்கூடாது என்று பாஸ்போர்ட்டின் பின் அட்டையில் செலோடேப்பால் ஒட்டி வைத்தேன். ஐந்தாம் நாள் இரவு ஒரு பரிசோதனைக்குக் காசு கட்ட வேண்டும். கார்டைத் தட்டினால் ஓடிபி கேட்டது. லொட்ஜ் அறையில் கட்டிலில் உட்கார்ந்து டேப்பை உரித்தேன், பசை சிம்மின் தங்கப் பக்கத்தில் அப்பிக்கொண்டது. அம்மா தன் சேலைத் தலைப்பால் அதைத் துடைத்துத் துடைத்துத் தந்தா. போட்டும் சிக்னல் வரவில்லை. நான் ரோமிங் திறக்கவே இல்லை. அடுத்த அறையில் இருந்த ஏறாவூர்க் குடும்பம் அன்றிரவு காசு தந்தது. அந்த வாப்பா என்னிடம் எப்போது தருவாய் என்று கூடக் கேட்கவில்லை.

ஆகவே இலங்கை சிம்மைக் கழற்றாதீர்கள். ரோமிங் திறந்து, டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து, போனுக்குள்ளேயே இருக்கட்டும். ரோமிங்கில் வருகிற எஸ்எம்எஸ்ஸுக்குப் பொதுவாகக் காசு இல்லை. இரண்டாவது சிம் போடும் இடத்தில் மெமரி கார்ட் இருந்தால் அதை எடுத்துவிட்டுப் புதிய சிம்மைப் போடுங்கள். ஒரே சிம் போடும் போன் என்றால் இலங்கை சிம்மைப் பட்டன் போன் ஒன்றில் போட்டுக் கொண்டுபோங்கள். இத்தனையும் இருந்தும் ஓடிபி வரவில்லை என்றால் அந்த லைனில் ஓர் அழைப்பு எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். எடுக்க முடிந்தால் வங்கியைக் கேளுங்கள், முடியாவிட்டால் முதல் அறிகுறிக்குத் திரும்புங்கள். ஓடிபியை வாங்கித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் இலக்கத்தைச் சொல்லாதீர்கள்.

புதிய சிம் போட்டதும் வட்ஸ்அப் "இலக்கத்தை மாற்றவா?" என்று கேட்கிறது

வேண்டாம் என்று தொடுங்கள். சிம் மாறினாலும் வட்ஸ்அப் பழைய இலங்கை இலக்கத்திலேயே ஓடும். வீட்டாரிடம் இருப்பதும் அந்த இலக்கம்தான்.

தெரியாமல் மாற்றிவிட்டீர்கள் என்றால், ஊர் திரும்பி அந்த சிம்மை எறியுமுன் வட்ஸ்அப் செட்டிங்ஸில் கணக்கு என்ற இடத்தில் இலக்கத்தைப் பழையபடி மாற்றுங்கள். பாவிக்காமல் விட்ட இலக்கத்தைக் கம்பனி சில மாதத்தில் வேறொருவருக்கு விற்றுவிடும். அவர் அதில் வட்ஸ்அப் திறந்தால் உங்கள் கணக்கு உங்கள் போனிலிருந்து வெளியேறிவிடும், உங்கள் குழுமங்களுக்கு வருவது அவர் கைக்குப் போகும். மாற்றும்போது ஓடிபி வருவது இலங்கை சிம்முக்கு, ஆகவே அது போனில் இருக்க வேண்டும். மாற்றி முடிந்து, வீட்டாரில் ஒருவர் உங்களுக்கு மெசேஜ் போட்டு அது வந்து சேர்ந்த பிறகு வெளிநாட்டு சிம்மைக் கழற்றுங்கள்.